கட்டுப்பாட்டுக் குழு

ஒன்பது நாள் முட்டையை
இருட்டறையில் விளக்கின்மேல் வைத்தால்
சேந்தமங்கலம் போகிற ரோடுபோல
ஒரு சிவப்பு நரம்பு,
அதிலிருந்து கிளைச் சாலைகள்,
நடுவே துடிக்கும் கரும்புள்ளி.
காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து
ஓட்டில் துளையிட்டு
பத்தில் ஒரு மில்லி வைரஸை உள்ளே விட்டு
மெழுகால் மூடுகிறேன்.
நாமக்கல்லில் முட்டையை
லாரி ஏற்றாமல் பிழைப்பவர்கள் கொஞ்சம் பேர்.
அதில் நான் ஒருத்தி.

பண்ணையில் அதற்குப் பேர் வெள்ளைக்கழிச்சல்.
என் ஆய்வேட்டில் ராணிக்கெட்.
மோகனூர்ப் பக்கம் மூன்றே நாளில்
ஆறாயிரம் கோழி போனதை
ஜேசிபி ஓட்டியவர் தன் கணக்கில் சொன்னார்:
"ரெண்டு மணி நேர வேலைங்க."

ஆறு மாதமாக உதவித்தொகை வரவில்லை.
ஹாஸ்டலில் ரேணுகா
கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டாள்:
"உம்மேல கோழி வாசம் அடிக்குதுடி."

நாற்பது குஞ்சுகளுக்குக் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து.
நாற்பதுக்கு எதுவும் இல்லை.
நடுவே கம்பிவலை.
எதுவும் இல்லை என்பதுதான் முக்கியம்.
ஐந்தாம் வாரம் நிஜ வைரஸ் வரும்போது
இந்த நாற்பதும் கழுத்து திருகிச் சாகவேண்டும்,
அப்போதுதான் அந்த நாற்பது
பிழைத்ததற்கு அர்த்தம்.
விலங்கு நெறிக்குழுவுக்கு இதையே
நாகரிகமான வார்த்தையில்
எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான்காம் வாரம் இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்தேன்.
சீரம், வைரஸ், கடைசியில் சிவப்பணுக்கள்.
நாற்பது நிமிடம் காத்திருந்து
தட்டைச் சாய்த்துப் பார்க்கவேண்டும்.
எதிர்ப்பு இருக்கிற குழியில்
அடியில் நிற்கும் சிவப்புப் பொட்டு
கண்ணீர் மாதிரி வழியும்.
இல்லாத குழியில் கசங்காத விரிப்பு,
எவ்வளவு சாய்த்தாலும் அசையாது.
எங்கள் துறையில் அழுகிற குழி நல்ல சேதி.

இடது தட்டு அழுதது.
எட்டில், பதினாறில், முப்பத்திரண்டில்,
அறுபத்து நான்கிலும்.
வலது தட்டைச் சாய்த்தேன்.

அதுவும் அழுதது.

புது அணுக்கள், புது பிப்பெட் முனைகள்,
மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மறுபடி.
அழுதது.

டாக்டர் மகுடேஸ்வரி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
எண்களை மட்டும் பார்த்தார்.
"கொட்டாயில போயி வலையப் பாரு."

செங்கோடன் அங்கே ஏற்கெனவே குத்தவைத்திருந்தார்.
மூலையில் பெருச்சாளி கடித்த ஓட்டை,
மூன்று விரல் அகலம்.
"போன மாசமே பாத்தனுங்.
இங்கிட்டுக் குஞ்சு அங்கிட்டுத் தலைய நீட்டி
ஒரே தொட்டியில தண்ணி குடிச்சுதுங்க.
ஒறம்பரையாட்ட இருந்துச்சு,
நாந்தான் சொல்லாம உட்டுட்டனுங்."

உயிருள்ள தடுப்பு மருந்து
வாங்கியவனோடு நிற்காது.
தும்மலில், எச்சத்தில், குடிக்கிற தண்ணீரில்
கேட்காதவனுக்கும் ஒரு பங்கு போய்விடும்.
எனக்குத் தெரியும்.
இரண்டாம் செமஸ்டரில்
ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியதுதான்.

அறுபத்து மூன்றாம் எண்
என் ஷூ நாடாவைப் புழுவென்று நினைத்து இழுத்தது.
அது சாகவேண்டிய நாள் டைரியில் இருக்கிறது:
பன்னிரண்டாம் தேதி, காலை பத்து.
அதை அடித்தேன்.
அடித்த பக்கத்தின்மேல்
அது எச்சமிட்டுவிட்டுப் போனது.

கெட்டுப்போன ஆய்வு.
எண்பதும் உயிரோடு.
இதை எங்கே எழுதுவது,
முடிவுகளிலா, குறைபாடுகளிலா?
ராத்திரி ஒன்றரை மணிவரை
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
குறைபாடுகளில் எழுதினேன், இரண்டு வரி.

செவ்வாய்க்கிழமை புது எண்பது வருகிறது.
பழையதை நாளைக்கு எடுத்துப்போவார்கள்,
எங்கே என்று நான் கேட்கவில்லை.
செங்கோடன் டார்ச் பிடிக்கிறார்.
புதுக் கம்பித் துண்டை ஓட்டையில் பதித்து,
எம்சீலை இரண்டு நிறமும்
ஒன்றாகும்வரை பிசைகிறேன்.
அந்தப் பக்கமிருந்து ஒரு அலகு
இடுக்கு வழியே வந்து
என் விரலைக் கொத்திப் பார்க்கிறது.
"அக்கட்டால போ" என்று
மெதுவாகத் தள்ளிவிட்டு
அடைக்கிறேன்.