ஏழாம் நிலையம்

ஆயிரத்தைந்நூறு ரூபாயும் ஒரு சோற்றுப் பார்சலும்.
அதற்காகக் காலை எட்டு மணியிலிருந்து
நான் வயிற்றுவலிக்காரி.

அட்டையில் எழுதித் தந்திருக்கிறார்கள்:
பெயர் சரோஜா. வயது நாற்பத்தாறு.
வலது விலாவுக்குக் கீழே நோவு,
பொரித்தது தின்றால் கூடும்.
கேட்டால் மட்டும் சொல்லவும்.
அனுமதி கேட்கும்போது சற்றுத் தயங்கவும்.

என் பெயர் எமல்டா. முகத்துவாரத்தில்
பள்ளிக்கூடக் கன்டீன் நடத்தி, அது மூடிப்போன பின்
மருத்துவ பீடத்துச் சோதனை அறையில்
கட்டிலேறிப் படுக்கிற தொழில்.

மணி அடிக்கும். திரை விலகும்.
ஏழு நிமிஷத்துக்கு ஒரு வெள்ளைக் கோட்டு.
முப்பத்திரண்டு பிள்ளைகள், முப்பத்திரண்டு தரம்:
"உங்களைத் தொட்டுப் பார்க்கலாமா?
வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு."
முப்பத்திரண்டு தரமும் தயங்கினேன்.
மூலையில் கதிரை போட்டிருந்த விரிவுரையாளர்
கட்டத்துக்குள் ஒரு சரி போடுவார்.
உரிமைக்கு இரண்டு புள்ளி.
கை கழுவினதுக்கு ஒன்று.

அதில் ஒருத்தி, துலஞ்சலி,
தமிழில் அந்த வசனம் மட்டும்தான் தெரியும்போல,
கானைத் தாண்டுகிற மாதிரி
மூச்சுப் பிடித்து ஒரே பாய்ச்சலில் சொன்னாள்.
உரிமை அவள் வாயில் 'உருமை' ஆனது.
முழுப் புள்ளி.

ஓகஸ்டில் நோவு உண்மையாகவே வந்தது.
வலது விலாவுக்குக் கீழே.
அட்டை பலித்துவிட்டது என்று சிரித்தேன்,
சிரிக்கவும் நொந்தது.

பெரியாஸ்பத்திரி, பதினான்காம் கட்டில்.
பெரிய டொக்டர் வந்தார், பின்னால் எட்டுப் பேர்.
ஆங்கிலத்தில் என் வயிற்றைப் பற்றிப் பேசினார்.
போர்வை விலகியது. சட்டை உயர்ந்தது.
திரை ஓரமாகத் தன்பாட்டில் தொங்கியது.
முதல் கை குளிர். இரண்டாவது அவசரம்.
மூன்றாவது, நோகிற இடத்தையே தேடி அமத்தியது.
கூரையில் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன்.
மூன்றுதான். திரும்ப எண்ணினேன்.

நான்காவதாகக் குனிந்தது துலஞ்சலி.
என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்,
சரோஜாவையல்லவா அவளுக்குத் தெரியும்.

"உங்களைத் தொட்டு…" என்றேன் மெல்ல,
நாடகத்தில் வசனம் மறந்தவருக்கு
மறைவில் நின்று எடுத்துக் கொடுப்பதுபோல.

கை அந்தரத்தில் நின்றது.
காது சிவந்தது.
"…பார்க்கலாமா" என்றாள். பிறகு பாய்ச்சல் இல்லாமல்,
தட்டித் தடவி, மிச்சத்தையும்.
"உருமை இருக்கு."

பெரிய டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
அட்டை இல்லை, மணியும் இல்லை.
இந்த முறை தயங்கவில்லை. யோசித்தேன்.

"இந்தப் பிள்ளை பார்க்கட்டும். மற்றவர்கள் வேண்டாம்."
அவருக்கும் விளங்கட்டும் என்று
சிங்களத்திலும் ஒருக்கால் சொன்னேன்.
நாலு சோடிக் கைகள் கோட்டுப் பைக்குள் போயின.
அவள் திரையை இழுத்தாள்.
பாதி வளையம் கழன்ற திரை,
பாதிதான் மூடியது.

மூடாத பாதியால் பார்த்துக்கொண்டிருந்த
பதினைந்தாம் கட்டில் மஸ்கெலியாக்காரி
விளக்கணைத்த பிறகு கேட்டாள்:
"அப்புடியெல்லாம் சொல்லலாமா அக்கா?
எனக்குக் கர்ப்பப்பை எடுக்கையில
ஒரு தாளுல பெருவிரல் மட்டுந்தான் வாங்குனாங்க."

அதற்குப் பதில் என்னிடம் இருக்கவில்லை.
வசனம்தான் இருந்தது. சொன்னேன்.
இன்னொருக்கா சொல்லுங்க என்றாள்.
தாதி வந்து அதட்டினாள், இரண்டு பேரும் படுத்தோம்.
அதன் பிறகும் பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டது.
'வேண்டாம்' வருகிற இடத்தில் மட்டும்
குரல் கொஞ்சம் கூடியது.