சராசரிக் கட்டத்தில் ஒரு கோடு

நந்தனம் மைதானத்தில் பேஸ்பால்.
வேலியோரம் சைக்கிளை நிறுத்தியவர் கேட்கிறார்,
"கிரிக்கெட்ல இது என்ன வகைம்மா?"
நிமிர நேரமில்லை. ஸ்கோர் எழுதுகிறேன்.

வியாசர்பாடி ஷர்மிளா பானு
நான்கு முறை மட்டை பிடித்தாள்.
முதல் முறை, எல்லை தவறிய நான்கு பந்துகளையும்
தொடாமல் விட்டு
முதல் பேஸுக்கு நடந்தாள்.
அடுத்த முறையும் நடைதான்.
அதற்கடுத்து, பந்து விலாவில்.
பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.
கடைசியில் மட்டையைத் தாழ்த்தி
மெல்லத் தட்டிவிட்டு
தான் அவுட்டாகி
மூன்றாம் பேஸில் தவித்தவளை வீடு சேர்த்தாள்.
ஒரு ரன்னில் ஜெயித்தோம்.

விதிப்படி இதில் எதுவுமே
அடிக்கும் வாய்ப்பாகக் கணக்கில் வராது.
பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தேன்.
பிழை என்றது கால்குலேட்டர்.
ரோஸ்லினுக்கு மூன்றுக்கு ஒன்று:
புள்ளி மூன்று மூன்று மூன்று,
பார்க்கவே லட்சணம்.

ரயில்வே தேர்வாளர் தாளை வாங்கினார்.
சராசரிக் கட்டத்தில் நான் இழுத்த கோட்டில்
விரல் நின்றது.
"இந்தப் பொண்ணு ஆடவே இல்லையா?"

அவள் அங்கே
ஐஸ்வாட்டர் பாட்டிலை விலாவில்
அழுத்திக்கொண்டிருந்தாள்.

குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு,
கடைசியில், விரல் அகலத்துக்கு.
தாளைத் திரும்ப வாங்கி
பென்சிலைச் சீவினேன்.