பூட்டுச் செலவு

செவ்வாய்க்கிழமை பீடிக்கடையில் கட்டு கொடுத்துவிட்டு
சொளவைக் கக்கத்தில் இடுக்கியபடியே வந்துவிடுவோம்,
பால்வாடி வராந்தாவுக்கு, பதினாலு பேர்.
நான் எட்டாங்கிளாஸ் வரை போனவள்.
அதனால் நோட்டு என்னிடம்.

சந்தா ஐம்பது.
அதற்கு மேல் ஆளுக்கு ஐந்து ரூபாய்,
பிள்ளைத்தாய்ச்சிக்கென்று தனித் தகரப்பெட்டி.
அந்த ஐந்தைத் தீர்மானம் எழுதிய அன்று
விளக்கு வைத்த பிறகும் சண்டை ஓயவில்லை.
"கர்ப்பப்பையவே எடுத்துப் போட்டாச்சு,
நான் எதுக்குட்டி போடணும்?"
ஆவுடைத்தங்கம் கேட்டாள்.
ஒருத்தியும் பதில் சொல்லவில்லை.
கடைசியில் அவளே முந்தியை அவிழ்த்தாள்.
காசு விழுந்த சத்தம்
கொஞ்சம் ஓங்கித்தான் இருந்தது.

பெட்டிக்கு மூன்று பூட்டு.
ஒரு சாவி ஆவுடைத்தங்கத்திடம், ஒன்று மைதீன் பாத்துவிடம்,
ஒன்று ஜெயக்கொடியின் அரைஞாண் கயிற்றில்.
அவளுக்கு அப்போது ஐந்து மாதம்,
புருஷன் கொல்லத்தில், பேக்கரியில்.

நர்ஸம்மா எல்லார் விரலையும் குத்தினாள்.
ஜெயக்கொடிக்கு ஏழு புள்ளி நாலு.
கடன் பாக்கி எழுதுகிற மாதிரி
நோட்டு ஓரத்தில் அதையும் எழுதினேன்.
பெட்டிப் பணத்தில் முட்டை போனது, பேரீச்சம்பழம் போனது.
இரும்பு மாத்திரையை மட்டும்
கோழிக்கூட்டுக்குப் பின்னால் வீசிக்கொண்டிருந்தாள்.
பாத்து கண்டுபிடித்தாள்.
அப்புறம் தினமும் ராத்திரி அவள் வாசலில் போய் நிற்பாள்:
"முழுங்குனியா? நாக்கக் காட்டு."

புகையிலைத் தூசி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.
சொளவை இறக்கி வைத்தால்
சோறு யார் போடுவது?
அவள் கணக்கு ஆயிரம் பீடியை
ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுத்தோம்.
கணக்கப்பிள்ளை கட்டைப் பிரித்துப் பார்த்தார்.
"ஒரே கட்டுல பதிமூணு கை தெரியுதே."
கழிவு தள்ளாமல் வாங்கிக்கொண்டார்.

எட்டு. எட்டே முக்கால். ஒன்பதரை.
அதற்குள் ஐப்பசி வந்துவிட்டது.

அன்று ஓடையில் வெள்ளம்.
நூற்றெட்டு வண்டி தரைப்பாலத்துக்கு அக்கரையில் நின்றது.
டிராக்டரில் ஏற்றி அவளை அக்கரை சேர்த்தோம்.
மணி ஒன்றுக்கு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன்:
பிள்ளை பிறந்தாச்சு, ரத்தம் நிற்கவில்லை,
கொடுக்க ஆள் வேண்டும்.

பீடி சுற்றுகிறவள் உடம்பில் ஏது ரத்தம்?
நோட்டைப் புரட்டினேன்.
பதினாலு எண்ணில் ஒன்றுதான் தேறியது.
ஆவுடைத்தங்கம், பன்னிரண்டரை.
மாதாமாதம் போவது நின்றுபோன உடம்பு.

வேன்காரன் முன்பணம் கேட்டான்.
பெட்டியை எடுத்தோம்.
இரண்டு பூட்டு திறந்தது.
மூன்றாவதன் சாவி
ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறது, அரைஞாணோடு.

எங்களில் யாரும் ஒரு நிமிஷம் மூச்சுக்கூட விடவில்லை.
அது தீர்மானம் போட்டு வைத்த பூட்டு.
ஆவுடைத்தங்கம் அம்மிக்குழவியைத் தூக்கி வந்தாள்.
மூன்று அடி.
பாத்து டார்ச் பிடித்தாள்,
நான் சில்லறை எண்ணினேன், கை நடுங்க.

புதுப் பூட்டு நூற்றுப் பத்து ரூபாய்.
எந்தத் தலைப்பில் எழுதுவது?
யோசித்து, மருத்துவம் என்று எழுதினேன்.
தணிக்கைக்கு வந்த சார்
அந்த வரியில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
நான் அடுத்த பக்கத்தைக் காட்டினேன்:
பெண் குழந்தை, இரண்டு கிலோ முந்நூறு.
வரவில் எழுதியிருந்தேன்.

பழைய சாவிக்கு இப்போது பூட்டு இல்லை.
தொட்டில் கயிற்றில் கிடக்கிறது.
இரும்பு ஒன்று அங்கே வேணும்தானே.

ஜெயக்கொடி பிள்ளையோடு கூட்டத்துக்கு வந்த செவ்வாய்
நோட்டைப் பார்த்தவள் ஆவுடைத்தங்கம்தான்.
"அஞ்சு ரூவா, ஆறு வாரம் பாக்கி.
அபராதத்தோட எழுதுட்டி."
எழுதினேன்.
பிள்ளை அவள் மடியில்
தூங்கிக்கொண்டிருந்தது.