நுண்கணிதம்: டி

டுலூத் நகரத்துப் பனி அள்ளும் வண்டிகளுக்கு
இரவு முழுக்க வயர்லெஸ்ஸில் வழி சொன்ன குளிர்காலம்.
மதிப்பெண் தாளில் அதற்குப் பெயர்
நுண்கணிதம்: டி.

எட்டு வருடம் தள்ளி, அதே தாளில்,
புள்ளியியல்: ஏ.

"இதில் எது நீங்கள்?"
நேர்காணலில் கேட்டார் பேராசிரியர் ஹால்வர்சன்.
ஷெல்பி விளக்கம் வைத்திருந்தாள்,
மூன்று பத்தி, மனப்பாடமாக.
சொல்லவில்லை.

"தூங்கிய நேரத்தை ஓட்டுநர்கள்
ஏன் கூட்டியே எழுதுகிறார்கள்?
அந்த டி வாங்கிய இரவுகளில் வந்த கேள்வி.
இன்னும் விடை தெரியாது."

அவர் பேனாவைத் திறந்தார்.

ஏப்ரலில் கடிதம்.
நிர்வாகவியல் முனைவர் படிப்பு, இடம் உண்டு,
உதவித்தொகையும்.
கடைசி வரியில் நிபந்தனை:
கோடையில் மறுபடி நுண்கணிதம்.

பழைய புத்தகம் கார் டிக்கியில் கிடந்தது.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் காபிக் கறை.
அதைத் தாண்டி
அவள் போனதேயில்லை.