கரி

ஆர்டெட்ஸ் கிராமத்துக்கு மேலே, ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டரில்
தேநீர்ப் பைகளைப் புதைத்துக்கொண்டிருக்கிறேன்.
எட்டு சென்டிமீட்டர் ஆழம். பச்சைத் தேயிலை ஒன்று,
ஒரு சாண் தள்ளி, சிவப்பு ரூயிபோஸ் ஒன்று.
நூல் நுனியில் எண். எண்ணுக்கு ஒரு குச்சி.
தொண்ணூறு நாள் கழித்துத் தோண்டி
உலர்த்தி, நிறுத்து
மண் எவ்வளவு தின்றது என்று பார்க்க வேண்டும்.

அம்மா மஸ்கெலியாவில் கொழுந்து பறித்தவள்.
அங்கே கிலோவில் நிறுத்தார்கள், ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்தார்கள்.
இங்கே நான் மில்லிகிராமில் நிறுக்கிறேன்.
போனில் சொன்னதும் நெடுநேரம் சிரித்தாள்:
"அதப் பொதைக்கத்தானா அம்புட்டுத் தூரம் போன?"

வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் துமாஷ்.
அல்லேக்ரா என்றார் வந்ததும்; அதற்குப் பிறகு பேச்சில்லை.
அவருடைய மாடுகள் இந்தச் சரிவில் ஏறிப் பதினெட்டு வருஷம்.
முதலில் அல்பைன் ரோஜா வந்தது,
ஓடையோரம் ஆல்டர்ப் புதர்,
பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், லார்ச்.
"மரம் வந்தா நல்லதுதானே?
கார்பனைக் குடிக்கும்னு பேப்பர்ல போட்டிருந்தான்."

குடிக்கும்தான்.
குடித்ததை எங்கே வைக்கிறது என்பது வேறு கணக்கு.

லார்ச்சின் கீழே ஊசியிலை மெத்தை, கணுக்கால் வரை.
கருப்பு, வாசனை, ஏராளம்.
சட்டைப் பையில் கிடக்கும் சில்லறை மாதிரி எல்லாம் மேலாக.
புல்வெளியில் பார்க்க ஒன்றுமில்லை.
வேர்கள் வருஷா வருஷம் செத்து
களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.
முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே எடுத்த ஒரு பிடிக்கு
வயது ஆயிரத்து நூறு என்று ஆய்வகம் எழுதியிருந்தது.
எந்தப் பசுவும் மேய்ந்து தீர்க்காத ஒரு புல்.

அதைக் காத்தது புல் மட்டுமில்லை, குளிரும்.
எட்டு மாதம் பனி. மிச்ச நாலு மாதத்தில்
நுண்ணுயிர்கள் சோம்பல் முறிக்கவே பாதி போய்விடும்.

தமிழில் கரிக்குச் சாட்சி என்றும் ஒரு பொருள் இருக்கிறது.
பழைய பொருள், பரீட்சைக்குப் படித்தது.
ஆலங்கட்டி மழையில் ஜீப்புக்குள் ஒதுங்கியபோது
சம்பந்தமில்லாமல் ஞாபகம் வந்தது.
குளிரும்வரை வாய் திறக்காத சாட்சி.
கொஞ்சம் சூடு காட்டினால்
ஆயிரம் வருஷத்தையும் காற்றிடம் சொல்லிவிடும்.

சூடு காட்டத்தான் அனினா ஆறு சதுரங்களில்
கண்ணாடிபோல் பிளாஸ்டிக் கூண்டு நிறுத்தியிருக்கிறாள்.
உள்ளே ஒன்றரை டிகிரி கூடுதல்.
கையை விட்டுப் பார்த்தேன், வித்தியாசமே தெரியவில்லை.

செப்டம்பரில் தோண்டினோம்.
திறந்த புல்லில் பச்சைத் தேயிலை பாதி மிஞ்சியிருந்தது.
கூண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு.
கீழே, இருநூற்றைம்பது மீட்டர் இறக்கத்தில்,
சர்ச்சுக்குப் பின்னால் புதைத்ததும் அதே எடை.
தராசை அனினா இரண்டு தரம் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.
நின்ற இடத்தில் நின்றபடியே
மலை கீழே இறங்குகிறது.

லார்ச்சின் கீழே எண்கள் தாறுமாறு.
ஒன்று அப்படியே இருந்தது, பக்கத்தில் இருந்தது கூழ்.

துமாஷ் வந்து மறுபடி கேட்டார்:
மரத்தை வெட்டி மாட்டை ஏற்றவா, விட்டுவிடவா?
இன்னும் அஞ்சு வருஷம் அளக்கணும் என்றேன்.
"அப்போ எனக்கு எழுபத்தொன்பது" என்றார்,
கோபமில்லாமல், ரயில் நேரம் சொல்வது மாதிரி.
பிறகு கத்தியை எடுத்து ஒரு லார்ச் கன்றைத் தொட்டுப் பார்த்து
மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

நாற்பத்தெட்டில் நாற்பத்தேழு கிடைத்தது.
இருபத்து மூன்றாம் எண் இல்லை.
குச்சி இருந்தது, அருகில் மார்மொட் வளை,
வளைக்குள் போகிற நூல்.
அட்டவணையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டும்:
ஒரு பை மட்டும் யாரும் நிறுக்காத இடத்துக்குப் போய்விட்டது.