பதினேழாம் உணரி

பாண்டான் ஆற்றுப் பாலத்தின் வயிற்றுக்குள்
நாற்பது உணரிகள்.
பதினேழு மட்டும் மூன்று வாரமாய்
முனகிக்கொண்டிருந்தது.

மைக்ரான் கணக்கில்தான்.
ஈஸிலிங்க் அட்டையின் கனத்தில்
நூறில் ஒரு பங்கு.
ஆனால் ஏறிய கோடு இறங்கவே இல்லை.

வெயிலுக்குக் கான்கிரீட் விரியும், தெரியும்.
மழைக்குச் சுருங்கும், அதுவும் தெரியும்.
இது இரண்டிலும் சேராதது.

இரவு ஒன்றரைக்கு ஒரு தடத்தை மூடி
நானும் ஃபைரூஸும் உள்ளே இறங்கினோம்.
குனிந்தே நடக்க வேண்டிய இருட்டு.
அவன் சுத்தியலால் தட்டத் தட்ட
நான் காதைக் கொடுத்துக்கொண்டே போனேன்.
எங்கும் கெட்டி ஒலி.

டார்ச் வெளிச்சத்தில் பதினேழு:
பசை காய்ந்து, ஒரு மூலை பெயர்ந்து,
தன் நோவைப்
பாலத்தின் பேரில் எழுதிக்கொண்டிருந்தது.

"உணரி பழுது. பாலம் நலம்."
அறிக்கை அவ்வளவுதான்.
புதியதை ஒட்டி அது இறுகும்வரை
மைலோ பாக்கெட்டை உறிஞ்சியபடி
வேனில் உட்கார்ந்திருந்தோம்.

ஐந்து நாற்பத்திரண்டு.
திரையில் சின்னதாய் ஒரு மேடு.
துவாஸுக்குப் போகும் லாரி,
பின்தட்டில் தலை சாய்ந்து தூங்கும் ஆட்களோடு.
பாலத்துக்கு எடை தெரியும்,
எத்தனை பேர் என்று தெரியாது.
தினமும் அந்த மேட்டைப் பார்க்கிறேன்,
நானும் கேட்டதில்லை.

மேடு எழுந்து, பூஜ்யத்தில் படுத்தது.
ஃபைரூஸ் கையெழுத்துப் போடச் சொன்னான்.

ஆறே காலுக்குப் பேருந்தில்
நானும் அதே பாலத்தின் மேல்.
அந்த நிமிடத்துக் கோட்டை
நாளைக்குத்தான் பார்க்க வேண்டும்.
என் ஐம்பத்தெட்டு கிலோவும் அதில் இருக்கும்,
எதுவென்று பிரிக்க முடியாமல்.