அரை சென்ரிமீற்றர்

காலை ஐந்தரைக்கு, ஐஸ் கொம்பனிக்குப் பின்னால்,
களனி கடலோடு கலக்கிற இடத்தில்
பாசியைத் துடைத்துவிட்டுக் கம்பத்தைப் படிப்பேன்.
நூற்றுப் பதினேழு.
நூற்றுப் பதினாறரை என்பாள் பெர்ணதெத்,
கொப்பி அவள் கையில்.
அலை நிற்கவா போகிறது, நாங்கள் சண்டை முடிக்க?

போன சனிக்கிழமை கோயில் மண்டபத்துத் திரையில்
வடதுருவத்து வேட்டைக்காரர் ஒருவர் வந்தார்.
அக்கலுக் என்று பேர்.
பின்னால் அவருடைய நாய் குரைக்க
முகத்துவாரத்து நாய்கள் விட்டுவைக்கவில்லை.
அவரும் அளக்கிறாராம், பதினொரு வருஷமாய்:
உறைந்த கடலில் துளை போட்டு,
முடிச்சுக் கயிறு இறக்கி.
ஒவ்வொரு மாரியிலும் ஒரு முடிச்சு மிச்சம்.

"அங்க ஒரு கட்டி ஐஸ் என்ன விலை?"
எழும்பிக் கேட்டார் மீன்வாடி சவிரியான்.
மண்டபமே சிரித்தது.
மொழிபெயர்த்த மிஸ் தயங்கித் தயங்கிச் சொல்ல
நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகு
அங்கிருந்து சிரிப்பு வந்து சேர்ந்தது.

பிறகு அவர் கேட்டார்:
"உங்கள் கொப்பி யாரிடம் இருக்கிறது?"

மாதம் முடிய உறையில் போட்டு
கம்பஸுக்கு அனுப்புகிறோம்.
திரும்பி வந்ததில்லை.
மிஸ் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார், மூடினார்.
தன் முதல் நாலு வருஷமும்
ஒரு கப்பலோடு போனதாம்;
வரைபடத்தில் புள்ளியாய்த்தான் பிறகு கண்டாராம்.

திங்கள் முதல் இரண்டு கொப்பி.
ஒன்று போகும். ஒன்று என் அரிசி வாளிக்குள்.
அதில் நூற்றுப் பதினேழு.
மற்றதில் என்னவென்று
பெர்ணதெத் இன்னும் காட்டவில்லை.